மீதி 44 மணி நேரம்

முதுகலைப் படிப்பு என்பது இரண்டு ஆண்டு, நான்கு பருவம். ஒரு பருவத்துக்குக் குறைந்தது 90 நாள் பாடம் நடக்க வேண்டும் என்பது பல்கலைக்கழக மானியக் குழு வகுத்த அளவு. அப்படிப் பார்த்தால், எம்.ஏ., எம்.எஸ்சி., எம்.காம். படிக்கும் ஒருவர் வகுப்பில் உட்காரும் நாள்கள் மொத்தமே 360 சொச்சம்தான். இளநிலையில் முதல் ஆண்டு முழுவதும் இடத்தோடு பழகுவதிலேயே போனாலும், ஈடுகட்ட இன்னும் இரண்டு ஆண்டு இருக்கும். முதுகலையில் அந்த அவகாசம் கிடையாது. வளாகத்தில் எந்தக் கட்டடம் எங்கே இருக்கிறது என்று பிடிபடுவதற்குள் முதல் இன்டர்னல் வந்து நிற்கும். அதனால்தான் முதுகலை மாணவர்கள் பலர், சேர்ந்த முதல் மாதத்திலேயே, அதுவரை செய்துகொண்டிருந்த ஒன்றைக் கைவிடுகிறார்கள். ஊரில் கைப்பந்து ஆடியவர் பந்தைத் தொடுவதில்லை. வீணை வாசித்தவர் வீணையை வீட்டிலேயே விட்டுவிட்டு வருகிறார். கவிதை எழுதியவர் நோட்டுப் புத்தகத்தைப் பெட்டியின் அடியில் போட்டுவிடுகிறார். கேட்டால் "டைம் இல்லை" என்பார்கள்.

நேரம் உண்மையிலேயே இல்லையா என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். 2023-இல் வெளியான தேசிய கிரெடிட் சட்டகம், ஓர் ஆண்டின் படிப்பை 40 கிரெடிட் என்றும், அதற்கான உழைப்பை 1,200 மணி நேரம் என்றும் வைக்கிறது. வகுப்பு, ஆய்வகம், வீட்டில் படிப்பது, அசைன்மென்ட் எழுதுவது எல்லாம் இதில் அடக்கம். ஒரு பருவத்துக்கு 600 மணி நேரம். பருவத்தை 15 வாரமாகச் சுருக்கினால்கூட வாரத்துக்கு 40 மணி நேரம்தான் ஆகிறது. வாரத்தில் இருப்பது 168 மணி நேரம். நாளுக்கு எட்டு மணி நேரத் தூக்கத்துக்கு 56 போக மீதி 112. படிப்புக்கு 40 போக மீதி 72. குளியல், சாப்பாடு, துணி துவைப்பது, பேருந்துப் பயணம் என்று நாளுக்கு நான்கு மணி நேரம் ஒதுக்கினாலும் 28 போய், 44 மணி நேரம் கையில் நிற்கிறது. தேர்வு வாரத்தில் இது சுருங்கும். சோதனை முடிய இரவாகும் வேதியியல் ஆய்வகத்தில் இன்னும் சுருங்கும். ஆனாலும் அது ஒரேயடியாக இல்லாமல் போவதில்லை.

பிரச்சினை எங்கே என்றால், அந்த 44 மணி நேரம் ஒரே துண்டாகக் கிடைப்பதில்லை. இரண்டு வகுப்புக்கு நடுவே முக்கால் மணி, மெஸ் திறக்கும்வரை அரை மணி, பஸ்ஸுக்குக் காத்திருக்கும் இருபது நிமிடம் என்று சில்லறையாகச் சிதறிக் கிடக்கிறது. சில்லறை நேரம் கைபேசிக்குப் போய்விடுகிறது. இளநிலையில் காலை முதல் மாலைவரை மணி அடித்து நாளைப் பிரித்துக் கொடுத்தார்கள். முதுகலையில் அந்த மணி குறைந்துவிடுகிறது, அந்த வேலையை மாணவரே செய்ய வேண்டியிருக்கிறது. முதுகலை வாழ்க்கைக்குப் பழகுவதில் பெரும்பகுதி இதுதான்.

இருக்கும் இடம்

சென்னைக்குப் படிக்க வருகிறவர்களை எடுத்துக்கொள்ளலாம். 1837-இல் தொடங்கி 1937-இல் தாம்பரத்துக்கு இடம் மாறிய கிறித்தவக் கல்லூரி, 1840-இல் தோன்றிய மாநிலக் கல்லூரி, 1857-இல் நிறுவப்பட்ட சென்னைப் பல்கலைக்கழகம், 1959-இல் வந்த ஐ.ஐ.டி. என்று முதுகலை படிக்கும் இடங்கள் கடற்கரையிலிருந்து தாம்பரம்வரை பரந்து கிடக்கின்றன. வளாகத்துக்குள் விடுதி கிடைத்தவருக்குப் பாதிச் சிக்கல் தீர்ந்தது. கிடைக்காதவர்களில் ஆண்கள் திருவல்லிக்கேணி மேன்ஷன்களிலும், நாலைந்து பேர் சேர்ந்து எடுக்கும் வாடகை வீடுகளிலும், பெண்கள் தனியார் லேடீஸ் ஹாஸ்டல்களிலும் தங்குகிறார்கள். சேப்பாக்கத்தில் படிப்பவர் திருவல்லிக்கேணியில் தங்கினால் நடந்தே வகுப்புக்குப் போகலாம். அதே மாணவர் வாடகை குறைவு என்று புறநகரில் அறை எடுத்தால், போக வர மூன்று மணி நேரம் ரயிலிலும் பேருந்திலும் கரையும். வாடகையில் மிச்சமாகும் ஆயிரம், இரண்டாயிரத்தோடு இந்த நேரத்தையும் சேர்த்துக் கணக்குப் பார்ப்பது நல்லது. வாரத்துக்கு ஆறு நாள் என்றால் 18 மணி நேரம். மேலே சொன்ன 44-இல் கணிசமான பங்கு அதிலேயே போய்விடும்.

பெண்கள் விடுதியில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. கேட் சாத்தும் நேரம். மாலை வகுப்பு முடிந்து விளையாட்டு மைதானத்துக்கோ, நூலகத்துக்கோ, ஒரு நாடகத்துக்கோ போய்விட்டு வருவதற்குள் கேட் சாத்திவிடுவார்கள் என்ற பயமே பல மாணவிகளின் பொழுதுபோக்கைத் தீர்மானிக்கிறது. ஒரே துறையில், ஒரே பெஞ்சில் படிக்கும் இருவரில் ஒருவருக்கு இரவு ஒன்பது மணிவரை நகரம் திறந்திருக்க, இன்னொருவருக்கு ஏழரைக்கே மூடிவிடுவது நியாயமில்லை. துறைத் தலைவரின் கடிதம் இருந்தால் சில விடுதிகள் நேரத்தைத் தளர்த்துகின்றன. அந்தக் கடிதத்தைக் கேட்டு வாங்க மாணவிகள் தயங்க வேண்டியதில்லை.

படிப்பு மாறும் விதம்

இளநிலையில் ஒரு தாளுக்கு ஒரு பாடப் புத்தகம், அதற்கொரு கைடு, பழைய கேள்வித்தாள் என்று வண்டி ஓடிவிடும். முதுகலையில் செமினார் வருகிறது. ஒரு தலைப்பைக் கொடுத்து, வகுப்பின் முன்னால் நின்று அரை மணி நேரம் பேசு என்கிறார்கள். பாடப் புத்தகத்துக்குப் பதிலாக ஆய்விதழ்க் கட்டுரை கைக்கு வருகிறது. தமிழ் வழியில் இளநிலை முடித்து வந்த மாணவருக்கு முதல் அதிர்ச்சி இங்கேதான். பன்னிரண்டு பக்க ஆங்கிலக் கட்டுரையை முதல் வரியிலிருந்து அகராதியோடு படிக்கத் தொடங்கி, மூன்றாம் பக்கத்தில் நின்று, 'நமக்கு இது வராது' என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார்.

ஆய்விதழ்க் கட்டுரையைக் கதைபோல வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. முதல் முறை தலைப்பு, சுருக்கம், படங்கள், முடிவுரை மட்டும். பத்து நிமிடம் போதும். கட்டுரை எந்தக் கேள்விக்குப் பதில் தேடுகிறது என்று ஒரு வரி தமிழிலேயே எழுதி வைக்க வேண்டும். இரண்டாம் முறை, புரியாத நிரூபணங்களையும் சமன்பாடுகளையும் தாண்டிக்கொண்டே கடைசிவரை போக வேண்டும். மூன்றாம் முறைதான் அடிக்கோடிட்டு, சொல்லுக்குச் சொல் படிப்பது. அதுவும் செமினாருக்கோ புராஜெக்ட்டுக்கோ உண்மையில் தேவைப்படும் கட்டுரைக்கு மட்டும். முதல் பருவத்தில் வாரத்துக்கு இரண்டு கட்டுரை இப்படிப் படித்தவருக்கு, இரண்டாம் பருவத்தில் ஆங்கிலம் தடையாக நிற்பது வெகுவாகக் குறைந்துவிடும். ஒரு துறையின் கலைச்சொற்கள் சில நூறுதான். அவையே திரும்பத் திரும்ப வருகின்றன.

நினைவில் நிற்கும் படிப்பு எது என்பதும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டிய சங்கதி இல்லை. ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹவுஸ் 1885-இல் வெளியிட்ட ஆய்வு, ஒரே நாளில் பலமுறை படிப்பதைவிட நாள்களைப் பிரித்து இடைவெளி விட்டுப் படிப்பதே மனத்தில் தங்கும் என்று காட்டியது. அமெரிக்காவின் ரோடிகரும் கார்ப்பிக்கும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், பாடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தவர்களைவிட, புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவு வைத்திருந்தார்கள். பொழுதுபோக்குக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. இடைவெளி விட்டுப் படிக்கச் சொல்கிறது ஆய்வு. அந்த இடைவெளியில் ஒருவர் பூப்பந்து ஆடினால் படிப்புக்கு நட்டமில்லை.

புத்தகத்துக்கும் உட்காரும் இடத்துக்கும் சென்னையில் பஞ்சமில்லை. எழும்பூர் கன்னிமாரா நூலகம் 1896-இல் திறக்கப்பட்டது. 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியாவில் வெளியாகும் நூல்களின் படி வந்து சேரும் நூலகங்களில் அதுவும் ஒன்று. கோட்டூர்புரத்தில் 2010-இல் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகத்தைக் கொண்டுபோய்ப் படிக்கத் தனிப் பகுதி இருக்கிறது. அறையில் மின்விசிறிகூடச் சரியாகச் சுற்றாத மாணவருக்கு அது பெரிய வரம். அரசு நிறுவனங்களில் படிப்பவர்களுக்கு 2025 ஜனவரியில் தொடங்கிய 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் சுமார் 13,000 ஆய்விதழ்களைத் திறந்துவிட்டிருக்கிறது. கல்லூரி நூலகரிடம் கேட்டால் நுழைவு வழியைச் சொல்லிக் கொடுப்பார்.

தரமணியில் இருக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தைத் தமிழ், வரலாறு, ஊடகம் படிக்கும் மாணவர் ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டும். 1994-இல் உருவான இந்த நூலகத்தின் அடித்தளம், செட்டிநாட்டுக் கோட்டையூரைச் சேர்ந்த ரோஜா முத்தையா சேர்த்த சுமார் ஒரு லட்சம் நூல்களும் இதழ்களும் துண்டறிக்கைகளும். அவர் பேராசிரியர் இல்லை. பெயர்ப்பலகை எழுதும் ஓவியர். பழைய நூல்களைத் தேடிச் சேர்ப்பது அவருடைய பொழுதுபோக்கு. தமிழகத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டை ஆராய வரும் முனைவர் பட்ட மாணவர்கள் இன்று அந்தப் பொழுதுபோக்கின் மேல்தான் உட்கார்ந்து வேலை செய்கிறார்கள்.

பொழுதுபோக்குக்கு ஒரு கிழமை, ஒரு மணி

மாநிலக் கல்லூரியில் 1907-இல் எம்.ஏ. முடித்த சி.வி.ராமன், மாணவராக இருந்தபோதே, 1906-இல், லண்டன் ஆய்விதழ் ஒன்றில் கட்டுரை வெளியிட்டார். பட்டம் பெற்ற கையோடு நிதித்துறை வேலைக்குக் கல்கத்தா போனார். அதன்பின் பத்து ஆண்டு, 1917-இல் பல்கலைக்கழகப் பேராசிரியராகும்வரை, பிழைப்பு கணக்குத்துறையிலும், இயற்பியல் அலுவலக நேரத்துக்கு வெளியிலும் நடந்தது. அதிகாலையிலும் மாலையிலும் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் ஆய்வகத்துக்குப் போய்விடுவார். வயலின், வீணை நரம்புகளின் அதிர்வில் இறங்கியவர், 1920-இல் மிருதங்கத்துக்கு வந்தார். பொதுவாக முரசு வகைக் கருவிகளில் ஓசை கலங்கலாகத்தான் எழும். மிருதங்கத்தின் வலந்தலையில் மட்டும் நரம்புக் கருவிபோல ஒழுங்கான சுருதி ஏன் எழுகிறது என்பது கேள்வி. நடுவில் அப்பியிருக்கும் கருப்புக் கரணைதான் அதிர்வுகளை அப்படி ஒழுங்குபடுத்துகிறது என்று நேச்சர் இதழில் சக ஆய்வாளரோடு சேர்ந்து எழுதினார். இசை கேட்கும் காதும் இயற்பியல் படித்த மூளையும் ஒரே ஆளிடம் இருந்ததால் பிறந்த கேள்வி அது.

எல்லாப் பொழுதுபோக்கும் ஆய்வுக் கட்டுரையாக வேண்டும் என்பதில்லை. ராமனிடம் மாணவர் எடுத்துக்கொள்ள வேண்டியது நேரம் வைத்த முறை. ஆய்வகத்துக்குப் போக அவர் ஓய்வு கிடைக்கட்டும் என்று காத்திருக்கவில்லை. நாளின் இரு முனையிலும் இடம் போட்டு வைத்திருந்தார். 'நேரம் கிடைக்கும்போது' என்று விட்ட பொழுதுபோக்கு முதல் பருவத்தைத் தாண்டுவது அரிது. கிழமையும் மணியும் குறித்த பொழுதுபோக்கு தாண்டும். நமக்காக இன்னும் நாலு பேர் காத்திருக்கும் பொழுதுபோக்கு இன்னும் உறுதியாகத் தாண்டும்.

அதற்குச் சென்னையிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. 1988-இல் மாணவர்கள் தொடங்கிய கடல் ஆமைப் பாதுகாப்புக் குழு, இன்றுவரை மாணவர்களும் தன்னார்வலர்களும் நடத்துவது. ஜனவரி முதல் ஏப்ரல் தொடக்கம்வரை பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறும் காலம். நள்ளிரவை ஒட்டி நீலாங்கரையில் புறப்படும் குழு, ஈர மணலில் சுமார் ஏழு கிலோமீட்டர் நடந்து பெசன்ட் நகர் வந்து சேர்கிறது. டார்ச் அணைந்தே இருக்கும். வெளிச்சம் பட்டால் ஆமை திரும்பிவிடும். மணலில் சின்ன டிராக்டர் ஏறிப் போனதுபோல இரட்டைத் தடம் தெரிந்தால் நின்றுவிடுகிறார்கள். தடம் முடியும் இடத்தில் குச்சியால் மெல்லக் குத்திப் பார்க்கிறார்கள். குச்சி சட்டென்று இறங்கும் இடம்தான் குழி. ஒருவர் குப்புறப் படுத்துக் கையை முழங்கைக்கு மேல் விட்டு முட்டைகளை ஒவ்வொன்றாக எடுக்க, இன்னொருவர் எண்ணுகிறார். நூறு, சில குழிகளில் அதற்கும் மேல். குழியின் ஆழத்தை அளந்துகொண்டு, நாயும் மனிதரும் தொடாத வேலிக்குள் அதே ஆழத்தில் புதைக்கிறார்கள். 45 முதல் 60 நாளில் குஞ்சு வெளியே வரும்.

இந்த நடையில் சேரும் முதுகலை மாணவருக்கு மறுநாள் காலை வகுப்பு இருக்கலாம். அதனால் வெள்ளி, சனி இரவோடு நிறுத்திக்கொள்வது நல்லது. ஆனால் அந்த இரவு வராமல் இருந்துவிட அவருக்கு மனம் வராது. மணலில் நாலு பேர் காத்திருப்பார்கள், ஆமையும் தேதியை மாற்றிக்கொள்ளாது. கைப்பந்தோ, பாட்டு வகுப்போ, வாசகர் வட்டமோ, எதுவானாலும் இந்த அமைப்பு இருந்தால் நிலைக்கிறது.

நகரத்தின் காலண்டரும் கைகொடுக்கிறது. ஒற்றைப் பருவத் தேர்வு நவம்பரில் முடிந்ததும் மார்கழிக் கச்சேரிக் காலம் வருகிறது. 1928-இல் தொடங்கிய மியூசிக் அகாடமி உட்படப் பல சபாக்களில் இளம் கலைஞர்கள் பாடும் பகல் கச்சேரிகளுக்கு டிக்கெட் கிடையாது. அதே டிசம்பரில் திரைப்பட விழா. பொங்கலை ஒட்டி, 1977 முதல் நடந்துவரும் சென்னைப் புத்தகக் காட்சி. நெட் தேர்வு எழுதுகிறவர்களுக்கு மட்டும் டிசம்பர் இடிக்கும். ஜூன் தேர்வையே குறிவைத்துப் படித்தால் மார்கழி தப்பும்.

கைபேசியில் விரலைத் தள்ளிக்கொண்டே இருப்பதைப் பொழுதுபோக்குக் கணக்கில் சேர்க்க முடியாது. இரண்டு மணி நேரம் ஷட்டில் ஆடிவிட்டு வந்தவருக்கு உடம்பு வலித்தாலும் மனம் தெளிந்திருக்கும். இரண்டு மணி நேரம் ரீல்ஸ் பார்த்தவருக்கு இரண்டும் சோர்ந்திருக்கும். இதை மாணவர்களே நன்றாக அறிவார்கள். நேர் எதிரான விபத்தும் உண்டு. கல்லூரிக் கலைவிழாவில் பொறுப்பை எடுத்துக்கொண்டு, ஸ்பான்சர் தேடி அலைந்து, வருகைப்பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே போய், தேர்வு எழுத முடியாமல் நிற்பவர்கள். ஒரு பருவத்தில் ஒரே ஒரு பொறுப்பு என்ற வரம்பை முன்கூட்டியே வைத்துக்கொண்டவர்கள் அரியர் இல்லாமல் தப்பிக்கிறார்கள்.

பணம்

பொழுதுபோக்கைப் பற்றிப் பேசும்போது பணத்தைப் பேசாமல் விடுவது நேர்மையாகாது. கேட் தேர்வு மூலம் எம்.டெக். சேர்ந்தவருக்கு மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை. அதற்கு வாரத்தில் எட்டு மணி நேரம் ஆய்வகத்திலோ வகுப்பிலோ துறைக்கு உதவ வேண்டும். ஜே.ஆர்.எஃப். பெற்று முனைவர் பட்டத்துக்குப் போனால் 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். இவற்றுக்கு நடுவே, எம்.ஏ., எம்.காம். படிக்கும் பெரும் கூட்டத்துக்கு அப்படி எதுவும் இல்லை. அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் உயர்கல்வியில் பலரைத் தக்கவைத்த நல்ல திட்டம். ஆனால் அது இளநிலைப் பட்டத்தோடு நின்றுவிடுகிறது. அந்த ஆயிரத்தை நம்பி டிகிரி முடித்த மாணவி, செலவு கூடும் முதுகலையில் கால் வைக்கும்போது அது கையில் இல்லை. அரசு இதை நீட்டிக்க வேண்டும்.

அதனால் ஞாயிற்றுக்கிழமை கேட்டரிங் வேலைக்குப் போகிறவர்கள், மாலையில் டியூஷன் எடுக்கிறவர்கள், இரவு டெலிவரி ஓட்டுகிறவர்கள் முதுகலை வகுப்பில் நிறைய. அவர்களுடைய 44 மணி நேரத்தில் 20 முதல் 25 மணி நேரம் பிழைப்புக்கே போய்விடுகிறது. அவர்களிடம் போய் "ஒரு ஹாபி வைத்துக்கொள்" என்று சொல்வதில் அர்த்தமில்லை. இருந்தாலும் வாரத்தில் இரண்டு மணி நேரமாவது வேலையும் படிப்பும் இல்லாத ஒன்றுக்கு ஒதுக்க முடிந்தால், மற்றவர்களைவிட அதிகமாகத் தேவைப்படுவது அவர்களுக்குத்தான். பணம் தேவைப்படாதவற்றில்தான் சென்னை தாராளமாக இருக்கிறது. கடற்கரை, பகல் கச்சேரி, நூலகம், ஆமை நடை எதற்கும் காசு இல்லை.

நான்காம் பருவம்

கடைசிப் பருவத்தில் புராஜெக்ட் வந்து எல்லாவற்றையும் புரட்டிப் போடுகிறது. கைடு சொன்ன திருத்தம், ஓடாத கருவி, பதில் வராத கேள்விப் படிவம் என்று நாள்கள் போகும். மூன்றாம் பருவத்தின் முடிவிலேயே தலைப்பை உறுதிசெய்து, வாரத்தில் ஒரு நாள் கைடைப் பார்ப்பது என்று வைத்துக்கொண்டவர்களுக்கு ஏப்ரலில் மூச்சு முட்டாது. நகல் எடுத்து எழுதுவதற்கு 2018-இல் மானியக் குழு கடுமையான விதி வகுத்திருக்கிறது. ஒப்புமை 10 சதவீதத்தைத் தாண்டினால் திருத்தி எழுத வேண்டும், 40-ஐத் தாண்டினால் ஓராண்டு சமர்ப்பிக்க முடியாது, 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்து. கடைசி வாரத்தில் விழுந்தடித்து எழுதுகிறவர்கள்தான் பெரும்பாலும் இதில் மாட்டுகிறார்கள்.

இந்தப் பருவத்தில் பொழுதுபோக்கு சுருங்குவது இயல்பு. ஆறு மணி நேரம் இரண்டாகட்டும். அடியோடு நிறுத்துவதுதான் ஆபத்து. தூக்கம் கெடுவது, மெஸ்ஸுக்குப் போகாமல் இருப்பது, வீட்டிலிருந்து வரும் போனை எடுக்காமல் இருப்பது, பிடித்த ஒன்றில்கூட ஆர்வம் போவது ஆகியவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அதைச் சோம்பல் என்று அறை நண்பர்கள் ஒதுக்கிவிடக் கூடாது. 14416 என்ற இலவச எண்ணில் மனநல ஆலோசகரிடம் தமிழிலேயே, எந்த நேரத்திலும் பேசலாம்.

துறைகளுக்கு ஒரு வேண்டுகோள். புதிய மாணவர் வரவேற்பு நாளில் தேர்வு விதிகளைச் சொல்ல ஒரு மணி நேரம் ஒதுக்குகிறீர்கள். இன்னும் அரை மணி நேரத்தைச் சீனியர்களிடம் கொடுங்கள். எந்த மைதானம் எத்தனை மணிக்குத் திறக்கும், எந்தக் குழு எந்தக் கிழமை கூடும், எந்த நூலகத்தில் உட்கார இடம் கிடைக்கும் என்பதை அவர்கள் பெயரும் இடமும் சொல்லி விளக்கட்டும். புதிதாக வந்திருக்கும் மாணவர்களே, முதல் இன்டர்னல் வருவதற்குள், அவற்றில் ஒன்றில் பெயரைக் கொடுத்துவிடுங்கள்.